ராஜாவின் முகத்தில் ஊர்ந்த நத்தை

கொன்றைக்கோட்டையை ஆண்ட அரிகண்டராயருக்கு எதிரியைக் கண்டு பயமில்லை. கண்ணாடியைக் கண்டால்தான் பயம். நாற்பத்தைந்து வயது முடிந்த அன்று கண்ணுக்குக் கீழே இரண்டு சுருக்கம் தெரிந்தது. மனுஷன் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் அகோரம் வைத்தியர். கடல் தாண்டிப் போய் வித்தை கற்றவராம். அவர் கொண்டுவந்த மருந்து நத்தைக் கோழை. உயிருள்ள நத்தையை முகத்தில் ஊரவிட வேண்டும், அது விட்டுப்போகிற கோழை காய்ந்தால் சுருக்கமெல்லாம் ஓடிப்போகும் என்றார். ராஜா மல்லாந்து படுத்தார். நெற்றியில் நாலு நத்தை, கன்னத்துக்கு மூன்று. மூக்கின் மேல் ஏறியது மட்டும் இறங்க மாட்டேன் என்றது. எழுந்து பார்த்தால் முகம் பளபளத்தது என்னவோ நிஜம். ஈரம் பட்டால் பலாக்கொட்டைகூடத்தான் பளபளக்கும். அதை யார் போய் ராஜாவிடம் சொல்வது?

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. முகத்துக்குப் பிறகு கழுத்து, கழுத்துக்குப் பிறகு தொந்தி என்று ஆசை இறங்கிக்கொண்டே போனது. தொந்தி என்ன சின்ன இடமா? வீட்டுக்கு வீடு தினம் நூறு நத்தை கொண்டுவர வேண்டும் என்று தண்டோரா போட்டுவிட்டார்கள். நத்தையைக் குறைத்துப் பேசினால் நூறு கசையடி. இது வைத்தியர் கேட்டு வாங்கிய உத்தரவு.

அதுவோ நடவு காலம். நாற்று முற்றிக்கொண்டு நிற்கிறது. ஐந்து நாளில் பிடுங்கி நடாவிட்டால் அந்த வருஷம் ஊருக்குச் சோறில்லை. நட வேண்டிய கையெல்லாம் வேலியோரம் நத்தை பொறுக்கிக்கொண்டிருந்தது.

ஊரார் வில்லியப்பனைத் தேடி வந்தார்கள். ராஜாவோடு வேடிக்கையாகப் பேசிச் சிரிக்கவைப்பது அவன் உத்தியோகம். அவன் வீட்டு நாற்றும்தான் மஞ்சளடித்துக்கொண்டிருந்தது. இப்படியே போனால் தை மாதம் பொங்கல் பானையில் நத்தையைத்தான் போடுவேன் என்று அவன் மனைவி செங்கமலம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ராஜாவிடம் நேரே போய்ச் சொல்லிவிட வில்லியப்பனுக்கும் ஆசைதான். ஆனால் வாயைத் திறந்தால் முதுகுத் தோல் உரிந்துவிடும். குறை சொல்லத்தானே கூடாது, மரியாதை செய்யலாமே என்று யோசித்தான்.

அந்த அரண்மனையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ராஜாவின் முகத்தைத் தொடும் உரிமை தாய்மாமனுக்கு மட்டும்தான். சவரம் செய்கிறவரைக்கூட முதலில் மாமன் என்று முறை வைத்துவிட்டுத்தான் தொடவிடுவார்கள். மற்றவர் தொட்டால் கையை வெட்டிவிடுவார்கள். மாமன் சபைக்கு வந்தால், அவர் தம் ஆசனத்தில் உட்காரும்வரை ராஜா நின்றுகொண்டே இருக்க வேண்டும். மாமனை முந்திக்கொண்டு யாரும் நடக்கவும் கூடாது.

மறுநாள் காலை வில்லியப்பன் ஒரு வாழையிலையை ஏந்திக்கொண்டு சபை வாசலில் வந்து நின்றான். இலையில் ஒரு நத்தை. அதை வாசற்படியில் இறக்கிவைத்துவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். பெரிய தப்பு நடந்துபோச்சு என்று புலம்பினான்.

“மகாராஜா, பத்து நாளாக இவர் தங்கள் முகத்தைத் தொடுகிறார். முறை வைக்காமலேயே தொடவிட்டிருக்கிறோம். வழக்கப்படி தொட்ட கையை வெட்ட வேண்டும். இவருக்குக் கையில்லை. மாமன் என்று சொல்லி மரியாதையாவது செய்துவிடலாம்.”

ராஜா வைத்தியரைப் பார்த்தார். வைத்தியர் என்ன சொல்வார்? நத்தைக்கு மரியாதை வேண்டாம் என்றால் முதல் நூறு அடி அவருக்குத்தான். நல்ல யோசனை என்று தலையாட்டிவைத்தார். ராஜாவும், மரியாதைதானே, செய்துவிட்டால் போகிறது என்று எழுந்து நின்றார். சபையும் எழுந்தது.

வாசலிலிருந்து மாமன் ஆசனம் அறுபதடி. நத்தை புறப்பட்டது. வெயில் ஏறியது. சமையல்காரர் இரண்டு தடவை எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். ராஜாவுக்குக் கெண்டைக்கால் நடுங்க ஆரம்பித்தது. பத்தடி வந்த நத்தை நின்றது. கொம்பை உள்ளே இழுத்துக்கொண்டது. ரொம்ப நேரம் கழித்துக் கொம்பை நீட்டி, வந்த வழியே திரும்பியது.

“எங்கேயடா போகிறது?” என்றார் ராஜா, பல்லைக் கடித்துக்கொண்டு.

“கோபித்துக்கொண்டார் போலிருக்கிறது. கல்யாண வீட்டில் மாமன்மார் செய்வதுதானே? தாங்கள் காலில் விழுந்து அழைத்துவந்தால் வருவார். கால் எது என்று வைத்தியரைத்தான் கேட்க வேண்டும். அப்புறம் இன்னொன்று மகாராஜா, வெளியே நாலு கூடை மாமன்மார் காத்திருக்கிறார்கள்.”

ராஜா தொப்பென்று உட்கார்ந்தார். வில்லியப்பனைப் பார்த்தார், நத்தையைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. முகத்தில் காய்ந்திருந்த கோழையெல்லாம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அந்த நிமிஷமே உத்தரவு ரத்து, எல்லோரும் வயலுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டு, உனக்கு என்ன வேண்டும் என்று வில்லியப்பனைக் கேட்டார்.

தனக்கு ஒன்றும் வேண்டாம் என்றான் வில்லியப்பன். மாமன் மனம் கோணிப் போகிறார், பெரிய மனிதர் ஒருவர் கூடவே போய்க் குளக்கரைவரை விட்டுவந்தால் போதும் என்றான். உறவு கொண்டுவந்தவரே அதற்குப் பொருத்தம் என்று ராஜா அகோரம் வைத்தியரைக் கைகாட்டினார்.

அன்றைக்கே நாற்று வயலில் இறங்கியது. பயிர் பச்சை பிடித்தது, கதிர் முற்றியது, அறுத்தார்கள். தை பிறந்து செங்கமலம் புது அரிசிப் பொங்கலை இறக்கிவைத்தபோது, வைத்தியர் நத்தைக்குப் பின்னால் கைகட்டியபடி அப்போதுதான் கோட்டை வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தார்.