துர்சுன் தின்ன சப்பைக்கறி

துருக்கி தேசத்துல, ஒரு மலையடிவாரத்துல, கூடாரம் போட்டு ஆடு மேய்க்கிற கூட்டம் ஒண்ணு இருந்துச்சாம். அதுல துர்சுன்னு ஒருத்தன். வேலைன்னா இடுப்புவலி, விருந்துன்னா முதல் ஆளு. அப்பேர்ப்பட்ட உத்தமன்!

அங்க வழக்கம் என்னன்னா, மேய்ச்சலுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி தலைவர் பைரம் விருந்து வைப்பாரு. கூடாரத்துக்குள்ள குடும்பத்துக்கு ஒரு இடம், இடத்துக்கு ஏத்த கறி, கறிக்கு ஏத்த புல்வெளி. கறியைத் தின்னாதான் புல்லு. உக்காந்தவங்களை எழுப்பவும் கூடாது. என்னடா சிரிக்கிற, நம்ம வீட்டுப் பந்தியில மட்டும் எழுப்புவோமா?

துர்சுனுக்கு வாசலோரம், கழுத்தெலும்பு. தலைவருக்குப் பக்கத்து இடம் எல்மாஸோடது. புருஷன் செத்தப்புறம் அவதான் அந்தக் குடும்பம். அவ பங்கு முன்னஞ்சப்பை, அதான் முன்னங்காலுக்கு மேல இருக்கிற நல்ல கறி. அதோட வர்ற புல்லு இல்லேன்னா அவ ஆடுங்க அத்தனையும் செத்துப்போகும்.

துர்சுன் வாசல்ல உக்காந்தான். "ஐயோ, காத்து இடுப்புல குத்துது, கொஞ்சம் நகருங்க"ன்னு நடுவுல போய்ச் செருகிக்கிட்டான். அங்க வெறும் விலா எலும்பு. "ஐயோ, புகை கண்ணுல படுது, கொஞ்சம் நகருங்க"ன்னு இன்னும் மேல போனான். அப்புறம் எல்மாஸ், பெரியவங்க கை கழுவத் தண்ணி ஊத்தணும்னு எந்திரிச்சா பாரு, "ஐயோ, கால் மரத்துப்போச்சு"ன்னு அவ இடத்துலயே சம்மணம் போட்டுட்டான். பாவம், எத்தனை வியாதி அந்தப் பிள்ளைக்கு!

"அண்ணே, அது என் இடம்"னா எல்மாஸ்.

"ஒத்தப் பொம்பளைக்கு எதுக்கும்மா இவ்வளவு பெரிய சப்பை? வாசல்ல ஜிலுஜிலுன்னு காத்து வருது, போய் உக்காரு."

"ஐயா, என் ஆடுங்க எங்க போகும்?"னு தலைவரைக் கேட்டா.

"காலியா இருக்கிற இடத்துல உக்காந்து சாப்பிடும்மா"ன்னாரு. அவளும் வாசல்ல உக்காந்து, அழுதுக்கிட்டே கழுத்தெலும்பைக் கடிச்சா.

தலைவர் திரும்பி, "துர்சுன், அது உன் இடந்தானா?"ன்னாரு. "ஆமாங்க." "நல்லாத் தெரியுமா?" "ஆமாங்க." "அதோட வர்றது எல்லாம் உனக்குத்தானா?" "ஆமாங்க, ஆமாங்க!" வாய் நிறைய கறி வேற. எலும்பு பளபளன்னு ஆகுற வரைக்கும் சப்பினான்.

"ரொம்ப சந்தோஷம்"னாரு தலைவர். "அந்தச் சப்பையைத் தின்ன குடும்பந்தான் பனிக்காலம் முழுக்க ஓநாய்க் கணவாயில காவல் நிக்கணும். எல்மாஸ் வருஷா வருஷம் நிக்கிறா, நீ தூங்குற நேரம், பாத்திருக்க மாட்ட. இந்த வருஷம் நீ."

துர்சுன் நாய் குரைச்சாலே போர்வைக்குள்ள போறவன். "ஐயா, நான் என் வாசலுக்கே போயிடறேனே!"

"தாராளமா. எலும்புல கறியை ஒட்டவச்சுட்டுப் போ."

அவன் எல்மாஸ் கால்ல விழுந்தான். "எக்கா, உன் இடத்தை நீயே எடுத்துக்கோக்கா!"

எல்மாஸ் கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, "கணவாயை நான் பாத்துக்கறேன். என் புல்லு எனக்கு வந்துடணும்"னா. "ஆனா அண்ணே, உன் கழுத்தெலும்பையும் நான் தின்னுட்டேனே! அதோட புல்லும் எனக்குத்தானே? தலைவரே, சரிதானுங்களா?"

தலைவர் மீசைக்குள்ள சிரிச்சுக்கிட்டே, "வழக்கம்னா வழக்கந்தான்"னாரு.

அப்புறம் என்ன? அந்த வருஷம் துர்சுன் ஆடுங்க எல்மாஸ் புல்லைத் தின்னுச்சு, அதுக்குக் கூலியா எல்மாஸ் ஆடுங்களை துர்சுன் மேய்ச்சான். இடுப்புவலி போன இடம் தெரியலையாம்! அடுத்த விருந்துல, யாரும் சொல்லாமலே வாசலுக்கு ஓடிப்போய் உக்காந்தான், காத்து நல்லா இருக்குன்னு வேற சொன்னானாம்.

ஆடும் பட்டிக்குப் போச்சு, அடுப்பும் அணைஞ்சு போச்சு. அடுத்தவன் தலகாணியை இழுக்கிறவனே, உன் பாயில போய்ப் படு.