எந்த மரம் முதலில் எரிந்தது?

ஆமை சொன்ன சாட்சியை நீர்நாய் பல வருஷங்களாக நம்பவில்லை. நம்பாமல் நிம்மதியாக இருக்கவும் அதனால் முடியவில்லை. ஏனென்றால் அந்த ஆமை அதற்கு முன் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.

அது ஒரு மலைக்காடு. அந்தப் பெரிய மலையைச் சுற்றி ஓர் ஆறு ஓடியது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் ஆறு. அந்தக் காட்டில் ஒளி நிதானமாக நடக்கும். ஆற்றின் வேகம் ஒளியின் வேகத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. நம் ஊரில் ஒளி இமைப்பதற்குள் எங்கேயோ போய்விடுகிறது. அதனால் இந்தக் கதையில் வருவதெல்லாம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நடக்காமல் இல்லை, தெரிவதில்லை, அவ்வளவுதான்.

கரையில் இரண்டு மருதமரங்கள் நின்றன. ஆறு வரும் பக்கம் மேல்மரம், போகும் பக்கம் கீழ்மரம். ஒவ்வொன்றிலும் ஒரு தாய் அணில் இருந்தது. இரண்டுக்குமே இன்னும் கண் திறக்காத குட்டிகள். மரங்களுக்கு நட்டநடுவே ஒரு பாறை. நீர்நாய் அதில்தான் வெயில் காயும்.

ஆமைக்கு ஆற்றில் மிதப்பதென்றால் உயிர். வேரோடு சாய்ந்த மரம் ஏதாவது ஆற்றில் வந்தால் அதன் நடுவில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கீழே வளைவில் கட்டை ஒதுங்கியதும் இறங்கி நடந்து வரும்.

"எங்கே அண்ணே இவ்வளவு அவசரமா ஓடுறே?" என்று பாறையிலிருந்து நீர்நாய் கத்தும்.

"நான் எங்கேடா ஓடினேன்? சும்மாதானே உட்கார்ந்திருக்கேன். நீதான் ஓடுறே!" என்று ஆமை பதில் சொல்லும்.

இரண்டும் சிரித்துக்கொள்ளும். சிரிப்பதோடு சரி. அந்தப் பேச்சுக்கு ஓர் அர்த்தம் இருக்கும் என்று நீர்நாய் நினைத்ததே இல்லை.

ஒருநாள் மத்தியானம் வானம் கறுத்தது. பளீர் பளீர் என்று இடி விழுந்தது. மேல்மரமும் எரிந்தது, கீழ்மரமும் எரிந்தது. அணில்கள் இரண்டும் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு இறங்கி ஓடிவந்தன. உயிர் பிழைத்தது. வீடு போய்விட்டது. பெருமழை வேறு வந்துகொண்டிருந்தது.

பக்கத்து இலுப்பை மரத்தில் ஒரே ஒரு பொந்து காலியாக இருந்தது. அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. யார் முதலில் வீட்டை இழந்தாரோ, அவருக்கே காலிப் பொந்து. ஒரே நேரத்தில் இழந்திருந்தால் இருவரும் பங்கிட்டுக்கொள்ளலாம். எது முதலில் என்று சாட்சி கேட்டு முடிவு சொல்வது நாரையின் வேலை.

"தீர்ப்பு வரும்வரை யாரும் பொந்தில் கால் வைக்கக் கூடாது!" என்றது நாரை.

நீர்நாய் முன்னால் வந்தது. "நான் ரெண்டு மரத்துக்கும் நடுவிலே இருந்தேன். ரெண்டு வெளிச்சமும் ஒண்ணாத்தான் என் கண்ணுக்கு வந்துச்சு. அதனால ரெண்டுலயும் ஒரே நேரத்துலதான் இடி விழுந்துச்சு!"

அப்போது ஆமை மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. "இல்லை தம்பி. கீழ்மரத்திலதான் முதல்ல விழுந்துச்சு."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது.

"நீ எங்கே இருந்தே?" என்று நாரை கேட்டது.

"நெடுங்கட்டையோட நடுவுல. கீழ்மரத்து இடியில என் கட்டையோட தலையும் கருகியிருக்கு, மேல்மரத்து இடியில வாலும் கருகியிருக்கு. வளைவுல கிடக்கு, போய்ப் பாருங்க. நான் ரெண்டு முனைக்கும் சமதூரத்துல இருந்தேன். தலைப்பக்கத்து வெளிச்சம்தான் எனக்கு முதல்ல வந்துச்சு. அப்போ அங்கேதானே முதல்ல விழுந்திருக்கணும்?"

நீர்நாய் சிரித்தது. "அண்ணே, ஆறு உன்னைக் கீழ்மரத்துப் பக்கமா இழுத்துட்டுப் போச்சு. அந்த வெளிச்சத்துக்கு நீ எதிரே போனே. மேல்மரத்து வெளிச்சம் உன்னைத் துரத்திக்கிட்டு வந்துச்சு. அதான் முன்னே பின்னே தெரிஞ்சுது. நீ ஓடிட்டிருந்தே, அதை மறந்துட்டே!"

"நான் ஓடலைடா! கட்டையில ஒரு துரும்புகூட அசையலை. கரைதான் பின்னால ஓடுச்சு. உன் பாறையும் ஓடுச்சு. நீயும்தான்!"

"பாறை ஓடுச்சாம்! நாளைக்கு மலை வந்து என்கிட்ட தண்ணி கேட்கும்!" என்றது ஒரு காகம். காடே சிரித்தது.

ஆமை விடவில்லை. "நாரையாரே, ஒளியோட வேகம் எல்லாருக்கும் ஒண்ணுதானே? நிக்கிறவனுக்கு ஒரு வேகம், போறவனுக்கு ஒரு வேகம்னு அது பார்க்கிறதில்லையே?"

"ஆமாம். எவர் அளந்தாலும் ஒளியின் வேகம் ஒன்றே. இது காட்டின் முதல் சட்டம்" என்றது நாரை.

"அப்போ ரெண்டு முனையிலிருந்தும் அது ஒரே வேகத்துலதான் என்கிட்ட வந்துச்சு. முதல்ல வந்தது முதல்ல கிளம்பினதுதான். தம்பி சொல்றதும் அவன் பாறைக்குச் சரி. நான் சொல்றதும் என் கட்டைக்குச் சரி."

நாரை இறக்கையை உதறியது. "நடந்தது ஒன்றுதான். அதற்கு இரண்டு உண்மை இருக்க முடியாது. உங்களில் ஒருவர் பொய்யர். அது யார் என்று தெரியும்வரை தீர்ப்பு இல்லை!"

தூறல் விழ ஆரம்பித்தது. கீழ்மரத்து அணில் மேல்மரத்து அணிலைப் பார்த்தது. "அக்கா, யாரு முதல்லேன்னா என்ன? நாம பங்கிட்டுக்குவோம் வா."

"வா தங்கச்சி, குட்டிங்க நடுங்குதுங்க!"

"நில்லுங்கள்!" என்றது நாரை. "உண்மை தெரியாமல் வழக்கத்தை மீறக் கூடாது!"

வழக்கு நீண்டது. நீர்நாய் பேசியது. ஆமை பேசியது. காகம் கேலி செய்தது. மழை வலுத்தது. இரண்டு தாய்களும் வாலை விரித்துக் குட்டிகளை மூடிக்கொண்டு வேரடியில் உட்கார்ந்திருந்தன. கண் திறக்காத குட்டிகள் ஈரத்தில் எவ்வளவு நேரம் தாங்கும்?

மழை வெறித்தபோது ஒரு குட்டியும் மிச்சமில்லை. இலுப்பைப் பொந்து உலர்ந்து காலியாகக் கிடந்தது.

அதற்குப் பிறகு கூட்டத்துக்கு ஒரு குற்றவாளி வேண்டியிருந்தது. "ஆமை பொய் சொல்லாமல் இருந்திருந்தால் வழக்கே இழுத்திருக்காது" என்று யாரோ சொன்னார்கள். நாரை நீர்நாயைத் திரும்பிப் பார்த்தது. நீர்நாய் தலையைக் குனிந்துகொண்டு, "பொய்தான்" என்றது. ஆமையை அதன் கட்டையில் ஏற்றி, வளைவில் ஒதுங்க முடியாதபடி நடு ஆற்றில் தள்ளிவிட்டார்கள்.

வருஷங்கள் போயின. மேல்மரத்து அணில் எங்கேயோ போய்விட்டது. கீழ்மரத்து அணில் ஏங்கிச் செத்தது. நாரையும் ஒரு கோடையில் செத்துப்போனது. நீர்நாய் மட்டும் அதே பாறையில் கிடந்து யோசித்தது. அண்ணன் ஏன் பொய் சொல்ல வேண்டும்? அதற்கு அதில் என்ன லாபம்? என் கண்ணை நான் நம்புகிறேன். அது தன் கண்ணை நம்பியது தப்பா? ஒருநாள் அப்படித் தோன்றும். மறுநாள், "நான் பார்த்தேனே! இரண்டும் ஒன்றாகத்தானே வந்தன!" என்று தோன்றும்.

எரிந்த மரங்களின் அடியிலிருந்து இளமரங்கள் துளிர்த்து உயர்ந்தன. மின்மினிகள் அவற்றில் குடியேறின. அந்தி சாய்ந்ததும் இரண்டு மரத்து மின்மினிகளும் சேர்ந்து மின்னும், சேர்ந்து அணையும். பாறையிலிருந்து பார்த்தால் ஒரு தப்பும் இருக்காது.

ஓர் அந்தியில் நீர்நாய் பெரிய விரால் ஒன்றைத் துரத்திக்கொண்டு போய் வேகமான தண்ணீரில் சிக்கியது. மிதந்து வந்த ஒரு நெடுங்கட்டையின் நடுவில் தொற்றிக்கொண்டது. கண்ணைத் திறந்து பார்த்தால் கட்டை அசையவில்லை. கரைதான் ஓடியது. அதன் பாறை, அது ஆயுள் முழுக்க அசையாதென்று நம்பிய பாறை, விழுந்தடித்துக்கொண்டு பின்னால் ஓடியது.

கட்டையின் தலைக்கு மேல் கீழ்மரத்து மின்மினிகள் மின்னின. அதற்குப் பிறகுதான் வாலுக்கு மேல் மேல்மரத்து மின்மினிகள் மின்னின.

நீர்நாய் வளைவில் ஒரு வேரைப் பற்றிக் கரையேறியது. நெடுநேரம் அங்கேயே படுத்துக்கிடந்தது. பிறகு பாறைக்குத் திரும்பி, ஆறு வரும் திசையைப் பார்த்து உட்கார்ந்தது. அதன்பின் அது வேறு திசையைப் பார்க்கவே இல்லை.

ஆறு மலையைச் சுற்றித் திரும்பும் ஆறு அல்லவா? ஒருநாள் கருகிய கட்டை வந்தது. வெள்ளம் வடிந்திருந்ததால் வளைவில் ஒதுங்கியது. நீர்நாய் தள்ளாடி ஓடியது.

ஆமை தலையை நீட்டியது. அதன் ஓட்டின்மேல், ஆற்றில் தள்ளிவிட்டபோது யாரோ எறிந்த சேறு இன்னும் காயாமல் இருந்தது. கண் கலங்கிச் சிவந்திருந்தது.

"அதுக்குள்ள வெள்ளம் வடிஞ்சுடுச்சா தம்பி?" என்று கேட்டது. பிறகு உற்றுப் பார்த்தது. "உன் மீசை ஏன்டா இப்படி நரைச்சுப் போச்சு?"

வேகமாகப் போய்த் திரும்புகிறவருக்குக் காலம் குறைவாகவே கழியும். இதுவும் அந்தக் காட்டின் சட்டம்தான். கரையில் ஒரு தலைமுறை போயிருந்தது. கட்டையில் ஒரு பகல்கூட முடியவில்லை.

"அண்ணே, நீ பொய் சொல்லலை" என்றது நீர்நாய்.

"அதைத்தானே நானும் சொன்னேன்?" என்றது ஆமை.

நீர்நாய்க்கு அந்தத் துக்கம் வருஷக்கணக்கில் ஆறி, தழும்பாகிவிட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டிய வேறு யாரும் இப்போது அந்தக் காட்டில் இல்லை. எதிரே இருப்பதோ இப்போதுதான் அழுதுவிட்டு வந்த கண். அந்தக் கண்ணைப் பார்த்து, மிக மெதுவாக, அது ஒன்றே ஒன்று கேட்டது:

"உன் கணக்குல, அந்தக் குட்டிங்க செத்து எவ்வளவு நேரம் ஆகுது அண்ணே?"

இன்னொருவர் கண்ட உண்மை நம்முடையதோடு ஒத்துப்போகாவிட்டால், அவரைப் பொய்யர் என்று சொல்லுமுன் அவர் இருந்த இடத்திலிருந்து ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அதற்குள் மழையில் நனைகிறவர்களை உள்ளே விட்டுவிட வேண்டும்.