வாசற்கோலத்தில் நின்ற கார்

ஓடாத காரை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கோணப்பாளையம் நாச்சிமுத்துவுக்கு வந்தது நேர் எதிரான கஷ்டம். அவன் கார் ஜம்மென்று ஓடும், நிற்காது. அப்பா காலத்துப் பச்சைக் கார், ஐம்பத்தெட்டு வயசு. பிரேக்கை மிதித்தால் 'கொர்ர்' என்று ஒரு பதில் சொல்லும், அதோடு சரி. மேடு வந்தால் மேட்டில் நிற்கும், வைக்கோற்போர் வந்தால் போரில் நிற்கும். ஊர்க்காரர்களும் பழகிக்கொண்டார்கள். ஹாரன் சத்தம் கேட்டால் கோழிகூட வேலிமேல் ஏறிவிடும்.

பெண் பார்க்கப் போன அன்றுதான் மானம் கப்பலேறியது. வெள்ளக்கரட்டில் கோகிலவாணியின் வீடு. காரில் நாச்சிமுத்து, அவன் அக்கா புருஷன் குழந்தைவேலு, சித்தப்பா மகன் அங்குராஜ். வாசலில் பெண்வீட்டார் வரிசையாக நின்று கைகூப்பினார்கள். கார் தாண்டிப் போய்விட்டது. வளைத்துக்கொண்டு வந்தான், மறுபடியும் தாண்டியது. மூன்றாம் முறையும் அதே கதை. ஒவ்வொரு முறையும் உள்ளே இருந்த மூவரும் மரியாதை தவறாமல் பதிலுக்குக் கும்பிட்டபடியே போனார்கள். நான்காம் முறை எருக்குழியில் நின்றது.

கோகிலவாணி கெட்டிக்காரி, பயப்படாமல் பேசுகிறவள். அப்பாவைத் தள்ளிவிட்டு அவளே சொன்னாள்.

"மாப்பிள்ளையை நாலு தடவை பாத்துட்டனுங்க. ஆளு பரவால்ல. ஆனா நிக்காத வண்டியில நான் ஏற மாட்டேன். வர்ற வெள்ளிக்கிழமை எங்க வாசக்கோலத்து மேல இந்தக் காரு வந்து நிக்கோணும். நின்னா நிச்சயம். நிக்காட்டி வேற ஊர்ல பொண்ணு தேடிக்கச் சொல்லுங்க."

முழங்கால்வரை எருவோடு நின்ற நாச்சிமுத்துவுக்கு அவள்மேல் ஆசை பொங்கிவிட்டது. கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அந்த எருக்குழியிலேயே சத்தியம் செய்தான்.

மறுநாள் காலையில் மூவரும் சங்ககிரியில் காதர் பாய் பட்டறையில் இருந்தார்கள். பாய் காருக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "பின்சக்கரத்துல டிரம் பிரேக்கு. எல்லாம் தேஞ்சு போச்சு. இதைக் கழட்டிட்டு டிஸ்க் பிரேக் மாட்டிட்டா, சொன்ன இடத்துல நிக்கும். வண்டியை விட்டுட்டுப் போங்க, பத்து நாள்ல தர்றேன்."

"வெள்ளிக்கிழமை வேணுமுங்க பாய்" என்று நாச்சிமுத்து அழுகிற குரலில் சொன்னான்.

பாய் இளகின மனசுக்காரர். அன்று அவர் செய்த ஒரே தப்பு அதுதான். சாமான்களைப் பெட்டியோடு கொடுத்து மூன்றே மூன்று புத்தி சொன்னார். "ஒண்ணு, ஒரு பக்கம் வேலை செய்யும்போது மறுபக்கத்தைத் தொடாதீங்க. சந்தேகம் வந்தா அதைப் பார்த்து, அதே மாதிரி மாட்டுங்க. ரெண்டு, டிஸ்க் மேல கை படக்கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு ஆகாது. மூணு, கடைசியில காத்தை முழுசா எடுத்திருங்க. ஒரு பொட்டுக் காத்து இருந்தாலும் பிரேக்கு பிடிக்காது."

மூன்றையும் வழி நெடுக மனப்பாடம் செய்துகொண்டே வந்தார்கள். அந்த ஞாபகத்தில் வீட்டைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் போய்விட்டார்கள் என்பது வேறு விஷயம்.

புதன்கிழமை காலை வலது சக்கரத்தைக் கழற்றினார்கள். டிரம்மையும் கழற்றினார்கள். உள்ளே இருந்த சுருள்கம்பிகளைக் கண்டதும் நாச்சிமுத்துவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"மச்சான், இப்ப என்ன மாட்டுறது?"

குழந்தைவேலு மாவுமில் வைத்திருக்கிறவன். பல்சக்கரம், பெல்ட் எல்லாம் பழக்கம் என்பதால் அவன் சொன்னதுதான் சட்டம். "சந்தேகம் வந்தா என்ன செய்யச் சொன்னாரு பாய்? டேய் அங்குராஜு, அக்கட்டால போய்ப் பாத்துட்டு வா."

அங்குராஜ் இடது பக்கம் போய்க் குனிந்து பார்த்தான். தொடக்கூடாது என்பதால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தான். "அங்க டிரம் இருக்குதுங்க மச்சான்."

"அப்ப அதே மாதிரி டிரம் மாட்டு."

மாட்டினார்கள். பிறகு இடது பக்கத்தைக் கழற்றினார்கள். மறுபடியும் சந்தேகம். அங்குராஜ் வலது பக்கம் போய்ப் பார்த்தான். அங்கேயும் டிரம். இங்கேயும் டிரம் மாட்டினார்கள். சக்கரம் சுற்றாமல் இருப்பதற்குத்தானே பிரேக் என்று குழந்தைவேலு எல்லாத் திருகையும் இறுக்கு இறுக்கென்று இறுக்கினான். மத்தியானச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்துவிட்டது. இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்ததைப் பார்த்து மூவருக்கும் பெருமை தாங்கவில்லை.

அங்குராஜ்தான் பெட்டியைப் பார்த்துவிட்டான். "அண்ணா, தட்டு மாதிரி அந்த ரெண்டு டிஸ்க்கும் மிச்சமிருக்குதே?"

குழந்தைவேலு பெட்டியை எட்டிப் பார்த்தான். "கை படக்கூடாதுன்னாரா இல்லியா?"

"சொன்னாருங்க."

"கையே படாம ஒரு சாமானை மாட்ட முடியுமா?"

"முடியாதுங்க."

"அப்ப அது மாட்டுற சாமான் இல்லை. வெச்சுக் கும்புடுற சாமான்."

நாச்சிமுத்துவுக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. அடுப்படி இடுக்கியால் இரண்டு டிஸ்க்கையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்ச் சாமி மாடத்தில் வைத்துக் கற்பூரம் காட்டினான்.

வியாழக்கிழமை காற்றை எடுத்தார்கள். பாய் சொன்னது பிரேக் எண்ணெய்க் குழாய்க்குள் இருக்கிற காற்றை, இவர்கள் நான்கு டயரிலும் எடுத்தார்கள். ஒரு பொட்டுக்கூட ஆகாது என்றாரே என்று ஸ்டெப்னியிலும் எடுத்தார்கள். ரப்பர்க் குமிழ் ஹாரனைப் பிழிந்து கயிறு போட்டுக் கட்டினார்கள். காருக்குள் இருக்கிற காற்று என்ன கணக்கு என்று அங்குராஜ் கேட்டான். நல்ல கேள்வி என்று பாராட்டி, துண்டால் விசிறி அதையும் விரட்டிவிட்டுச் சட்டென்று கண்ணாடியை ஏற்றினார்கள். கார் வயிறு தரையில் படுகிற மாதிரி குந்திக்கொண்டது.

"டேய் அங்கு, நீ உள்ள ஏறிப் பிரேக்கை மிதி. நாங்க தள்ளிப் பாக்குறோம்."

தள்ளினார்கள். அசையவில்லை. தெருவில் போன நாலு பேரையும் கூப்பிட்டுத் தள்ளினார்கள். ஊஹூம்.

"இப்பக் காலை எடு!"

எடுத்தான். அப்போதும் அசையவில்லை.

"மாப்ள, மிதிக்காமயே பிடிக்குதுடா!" என்று குழந்தைவேலு கூவினான். நாச்சிமுத்து காரைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டான். ஐம்பத்தெட்டு வருஷமாக யாராலும் முடியாததை இரண்டு நாளில் சாதித்திருக்கிறார்கள், அழமாட்டானா பின்னே!

வெள்ளிக்கிழமை விடிந்ததும்தான் வெள்ளக்கரடு ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. நாச்சிமுத்து முகம் செத்துப்போயிற்று. "மச்சான், காரு போகோணுமே?"

"பொண்ணு என்ன சொல்லுச்சு? போகோணும்னா, நிக்கோணும்னா?"

"நிக்கோணும்னு."

"அப்புறம் எதுக்குடா கலங்குறே? போறதுக்கு வேற வண்டி வெச்சுக்கலாம்."

மணல் அடிக்கிற டிப்பர் லாரியில் ஊரே சேர்ந்து காரைத் தூக்கி ஏற்றினார்கள். வெள்ளக்கரட்டில் லாரி பின்பக்கமாக வந்து, தொட்டியைத் தூக்கி, சாணி தெளித்த ஈர வாசலில் காரைச் சரித்து விட்டது. மாக்கோலத்தின் நட்டநடுவில் தொப்பென்று உட்கார்ந்த கார் ஒரு விரற்கடை நகரவில்லை. என்ன, வீட்டுக் கதவை ஒட்டிக் குறுக்காக உட்கார்ந்துவிட்டது. உள்ளே இருந்தவர்கள் வெளியே வரவேண்டுமானால் காரின் இடது கதவில் ஏறி வலது கதவில் இறங்க வேண்டும். கோகிலவாணியின் அப்பா அப்படித்தான் வந்து சம்பந்திகளை வரவேற்றார்.

நாச்சிமுத்து சீர்த்தட்டை நீட்டினான். சாமி மாடத்து டிஸ்க்குகள்தான். பளபளவென்று அவற்றைவிட நல்ல தட்டு வீட்டில் இல்லை. தேங்காய் உருளாமல் உட்காருவதற்கென்றே நடுவில் ஓட்டை வேறு. பெண்ணின் அப்பா கையை நீட்டியதும் மூவரும் அலறினார்கள்.

"மாமா! கை படக்கூடாதுங்க!"

அவர் பயந்துபோய் உள்ளேயிருந்து இடுக்கி கொண்டுவரச் சொன்னார். இடுக்கியும் காருக்குள் ஏறி இறங்கித்தான் வந்தது.

கோகிலவாணி ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். டயரைப் பார்த்தாள், லாரியைப் பார்த்தாள், நாச்சிமுத்துவைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில் தோள் குலுங்கியது.

"சொன்னபடி நின்னுருச்சுங்கப்பா. பேச்சு மாறக்கூடாது. தட்டை மாத்துங்க."

அடுத்த மாசம் கல்யாணம். காதர் பாயும் வந்திருந்தார். "பிரேக்கு எப்படி?" என்று கேட்டார்.

"ஒரு மாசமா நின்ன இடத்துலேயே நிக்குதுங்க பாய்" என்றான் குழந்தைவேலு. பாய் சந்தோஷமாக வெற்றிலை எடுத்துக்கொண்டார். எடுத்த பிறகு தட்டைப் பார்த்தார், அவர் கொடுத்த டிஸ்க். எடுத்த வெற்றிலையைத் திரும்ப அதிலேயே வைத்துவிட்டார்.

பெண்ணை அனுப்பிவைக்கிற நேரம் வந்தது. நாச்சிமுத்து கம்பீரமாக ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்தான். கோகிலவாணி வீட்டிலிருந்து இடது கதவு வழியாகப் பின்சீட்டில் ஏறினாள். குழந்தைவேலுவும் அங்குராஜும் காரைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கித் தள்ளினார்கள். ஹாரனில் காற்று இல்லாததால் நாச்சிமுத்து வாயாலேயே "பாம் பாம்" என்றான். அந்த நேரம் பார்த்துச் சொந்தக்காரர்கள் எல்லோரும் பின்னால் நின்ற பஸ்ஸில் இடம் பிடிக்க நடந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே மாமன், அத்தை, பந்தல்காரன் எல்லோரும் வரிசையாகப் பின்னால் போவது நாச்சிமுத்துவுக்குத் தெரிந்தது. ஆகா, என்ன வேகம் என்று பூரித்துப்போனான்.

கோகிலவாணி கொஞ்சநேரம் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வலது கதவைத் திறந்து, ஒரு காலை வெளியே வைத்தாள்.

"ஐயோ, ஓடுற வண்டியில இருந்து எறங்காத புள்ள! இரு, நிறுத்தறேன்!" என்று கத்திக்கொண்டே நாச்சிமுத்து இரண்டு காலாலும் பிரேக்கில் ஏறி மிதித்தான். வேர்வையைத் துடைத்துக்கொண்டு கீழே குனிந்து பார்த்தான். கார் மாக்கோலத்து மேல் நின்றது.

"பாத்தியா கோகிலா," என்றான், "கரெக்டா உங்க வீட்டு வாசல்லயே நிறுத்திட்டேன்."