மாசாணத்தின் காலுக்கு என்ன விலை?

முன்னொரு காலத்தில் ஓர் ஆறு இருந்தது. ஆற்றுக்குத் தென்கரையில் ஒரு நாடு, வடகரையில் ஒரு நாடு. நான் சொல்லப்போவது தென்கரைக் கதை. வடகரைக்காரர்கள் இதையே வேறு மாதிரி சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், தோற்றவனுக்கு வாய் நீளம் என்பது தெரிந்த சங்கதிதானே.

இரண்டு நாட்டுக்கும் நடுவே ஒரே ஒரு அணை. மலையில் மழை பெய்து அணையில் புதுத்தண்ணீர் சேர்ந்ததும், யாருடைய மதகை முதலில் திறப்பது என்று ஆண்டுதோறும் சண்டை வரும். வெட்டு, குத்து, தீ வைப்பு. பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன பெரியவர்கள் ஒரு வழக்கம் வைத்தார்கள். அணைக்குக் கீழே வறண்ட மணலில் இரு நாட்டாரும் காய் ஓட்டம் ஓட வேண்டும். மட்டை உரித்த தேங்காயை நல்லெண்ணெயில் முக்கிப் போடுவார்கள். அதைத் தூக்கிக்கொண்டு எதிராளிக் கூட்டத்தைக் கிழித்துப் போய், அவர்கள் கல்தூணில் அடித்து உடைக்கிற நாட்டுக்கு முதல் தண்ணீர். மற்றவன் மிச்சம் இருந்தால் குடிக்கலாம். மழை குறைந்த ஆண்டில் மிச்சம் ஏது? தோற்றவன் நாட்டில் நாற்று கருகும்.

ஒரு பக்கத்துக்குப் பதினோரு பேர். பத்துப் பேர் முட்டுக்காரர்கள். எதிராளியை முட்டித் தள்ளி வழி உண்டாக்குவது அவர்கள் வேலை. அந்த வழியில் காயோடு பாய்கிறவன் காய்க்காரன். எங்கள் தென்கரைக் காய்க்காரன் பெயர் மாசாணம். அவன் ஓடத் தொடங்கிய நாள் முதல் எங்கள் மதகுதான் முதலில் திறந்தது. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அந்த ஆண்டு, ஓட்டத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு, மாசாணம் அரசவைக்கு வந்தான். பூபாலராசா சிம்மாசனத்தில் இருந்தார். மாசாணம் கும்பிட்டான், ஆனால் குனியவில்லை.

"மகாராசா, ஓடுற வரைக்கும் அரண்மனையில படி அளக்கியோ. ஓட்டம் நின்ன பெறவு என் வயித்துக்கு என்ன வழி? வலது முழங்கால் இப்பவே வீங்குது. பத்து வருசத்துக்கு ஆத்தோரமா எனக்கு ஒரு வயல் மானியமா வேணும். பிச்சை கேட்டு வரல. ஓடுனதுக்குக் கேக்கேன்."

ராசா தாடியைத் தடவினார். பொக்கிஷ அதிகாரி ஆளவந்தார் எழுந்தார். மனிதர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கஞ்சன். அரண்மனை நெல்லை யாராவது சும்மா பார்த்தாலே அவருக்கு வயிறு எரியும். அதைவிட, ராசாவைச் சிரிக்க வைத்தே காரியம் சாதிக்கிற அரண்மனை விகடன் சோணாசலத்தைக் கண்டால் இன்னும் எரியும். மாசாணத்தை அவைக்கு அழைத்து வந்தவன் சோணாசலம் என்பது அவருக்குத் தெரியும்.

"மன்னர் மன்னா! காய்க்காரனின் கால் வாழைமரம் போன்றது. ஒரு குலைதான். இவனுக்குப் பத்தாண்டு மானியம் கொடுத்தால், இரண்டாண்டு ஓடுவான், எட்டாண்டு உட்கார்ந்து உண்பான். மேலும், வழியை உண்டாக்குபவர்கள் முட்டுக்காரர்கள். திறந்த கதவில் யார்தான் நுழைய முடியாது? ஆண்டுக்கு ஒரு புதிய இளைஞனை ஒரு மரக்கால் நெல்லுக்கு அமர்த்தினால் போதுமே!"

ராசாவுக்குக் கணக்கு என்றால் ஒரு சபலம். "நியாயமாகத்தான் படுகிறது" என்றார். மூலையிலிருந்து களுக்கென்று சிரிப்புக் கேட்டது. சோணாசலம்தான்.

"என்ன சிரிப்பு?" ராசாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. "நீர்தானே இவனுக்குப் பரிந்து வந்தவர்? நீரே தேடும். இந்த நாட்டிலேயே மிகக் குறைந்த கூலிக்கு ஒரு காய்க்காரனைப் பௌர்ணமிக்குள் கொண்டுவாரும். அரண்மனை முற்றத்தில் ஓடவிட்டுப் பார்ப்போம்."

ஆளவந்தார் விடுவாரா? "மன்னா, ஒரு விண்ணப்பம். விகடர் கொண்டுவருகிறவன் நன்றாக ஓடினால் மாசாணத்துக்கு இனி அரண்மனைப் படி வேண்டாம். இடறி விழுந்தால், தகுதியற்றவனைக் கொண்டுவந்த குற்றத்துக்கு விகடர் நாட்டை விட்டுப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராசா. பாருங்கள், அந்தப் பக்கம் போனால் மாசாணத்தின் சோறு போகும், இந்தப் பக்கம் போனால் சோணாசலத்தின் ஊர் போகும். இஞ்சி தின்ற குரங்கு மாதிரி அவன் முகம் போயிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? சோணாசலம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே போனான்.

நேரே மாசாணத்தின் வீட்டுக்குப் போனான். மாசாணம் முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருக்க, அவன் மனைவி பேச்சி நொச்சி இலையை வதக்கி முழங்காலில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டியளா விகடரய்யா," என்றாள். "இவுக ஓடுறப்ப ஊரே கத்துது. உக்காந்து எந்திரிக்கையில இந்த மூட்டு கத்துது. அது எனக்கு மட்டுந்தான் கேக்கு."

சோணாசலம் விகடன்தான், ஆனாலும் அதைக் கேட்டு அவனுக்கே கண் கலங்கிவிட்டது. மாசாணம்தான் சிரித்தான்.

"விடும்யா. எனக்காக நீரு நாட்ட விட்டுப் போக வேண்டாம். நல்ல பயலா ஒருத்தனப் பாத்துக் கொண்டு போரும். நான் ஓடுனது ஊருக்குத் தெரியும், அது போதும்."

"போதாது" என்றான் சோணாசலம். "பெருமையை உலையில் போட்டால் வேகுமா? நீ பேசாமல் காலைப் பார்த்துக்கொள்."

பௌர்ணமி அன்று அரண்மனை முற்றத்தில் கூட்டம் நெரிந்தது. இரு பக்கமும் தூண் நட்டிருந்தார்கள். ஒரு பக்கம் அரண்மனைக் காவலர்கள் எதிராளிகளாக நின்றார்கள். இன்னொரு பக்கம் தென்கரை முட்டுக்காரர்கள் பத்துப் பேர், வெயிலுமுத்து தலைமையில், கல்லாட்டம் நின்றார்கள். சோணாசலம் மட்டும் வெறுங்கையோடு வந்தான்.

"எங்கே ஐயா உம்முடைய ஆள்?" என்றார் ராசா.

"மன்னா, நாடு முழுக்க அலைந்தேன். ஒருவன் ஒரு மரக்கால் கேட்டான். ஒருவன் ஒருவேளைச் சோறு போதும் என்றான். தங்கள் கட்டளை மிகக் குறைந்த கூலி. ஆகவே ஒருபிடி நெல்கூட அதிகம் கேட்காத ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன். அவர் ஏற்கெனவே அரண்மனைச் சம்பளத்தில் இருக்கிறார். காய் ஓட்டத்தின் நுணுக்கமும் அவருக்கு அத்துபடி. இந்த அவையிலேயே விளக்கினாரே! நம்முடைய பொக்கிஷ அதிகாரி ஆளவந்தார்தான்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஆளவந்தார் துள்ளி எழுந்தார். "மன்னா! எனக்கு ஓடத் தெரியாதே!"

"ஓடத் தெரிய வேண்டுமா?" சோணாசலம் வாயைப் பிளந்தான். "திறந்த கதவில் யார்தான் நுழைய முடியாது என்று தாங்கள்தானே சொன்னீர்கள்? பத்துப் பேர் கதவைத் திறப்பார்கள். தாங்கள் நுழைந்தால் போதும். தெரிய வேண்டிய வித்தை ஒன்று இருக்கிறது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், இதோடு நிறுத்திவிடுவோம்."

ஆளவந்தார் விழித்தார். ராசா மீசைக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கச்சையைக் கட்டும்" என்றார்.

அப்போது கூட்டத்திலிருந்து மாசாணம் குரல் கொடுத்தான். "வெயிலுமுத்தண்ணே! எனக்காக யாரும் கை தளர விட்ராதிய. எனக்குத் திறக்குற மாதிரியே அய்யாவுக்கும் திறங்க. இல்லன்னா ஜெயிச்சாலும் எனக்கு அசிங்கம்."

வெயிலுமுத்து தலையை ஆட்டினான். சொன்னபடியே செய்தார்கள். சங்கு ஊதியதும் பத்துப் பேரும் முட்டிய முட்டில் காவலர் வரிசை பிளந்தது. ஒரு மாட்டுவண்டி போகலாம், அவ்வளவு வழி. ஆளவந்தார் எண்ணெய்க் காயைக் கைக்குழந்தையை அணைப்பதுபோல் அணைத்துக்கொண்டு, அந்த வழியை அப்படியும் இப்படியும் பார்த்தார். போகலாம் என்று அவர் முடிவு செய்தபோது வழி மூடிவிட்டது. அவர்மேல் நாலு காவலர்கள் கிடந்தார்கள்.

இரண்டாம் முறை மிரண்டு போய்த் தம் பக்கத்துத் தூணை நோக்கியே ஓடினார். மூன்றாம் முறை, தடித்த காவலன் ஒருவன் எதிரே வந்து நிற்க, "இந்தாப்பா, நீயே வைத்துக்கொள்" என்று காயை மரியாதையாக அவன் கையிலேயே கொடுத்துவிட்டார். சிரிப்பில் ராசாவுக்குப் புரையேறிவிட்டது.

அப்புறம் மாசாணம் இறங்கினான். அதே பத்துப் பேர், அதே காவலர்கள். வழி இன்னும் திறக்கவே இல்லை, இவன் தோளைச் சாய்த்துப் புறப்பட்டுவிட்டான். இவன் போய்ச் சேரவும் அது திறக்கவும் சரியாக இருந்தது. தூணில் காய் உடைந்த சத்தம் கேட்ட பிறகுதான் காவலர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ராசா தம்மை அறியாமல் எழுந்து நின்றுவிட்டார்.

"மன்னா," என்றான் சோணாசலம், "என் ஆள் இடறி விழுந்தார். நான் நாட்டை விட்டுப் போக வேண்டும். திறந்த கதவில் யாரும் நுழையலாம் என்ற சொல்லை நம்பியதுதான் என் குற்றம். அந்தச் சொல்லுக்கு உரியவரும் துணைக்கு வந்தால் வழிப்பயணம் அலுக்காது."

"ஒருவரும் எங்கேயும் போக வேண்டாம்" என்றார் ராசா. அங்கேயே செம்பில் நீர் கொண்டுவரச் சொல்லி, ஆற்றோர வயலை மாசாணத்துக்குப் பத்தாண்டு மானியமாகத் தாரை வார்த்தார். மாசாணம் நீரைக் கையில் ஏந்திக்கொண்டு, "வழி திறக்குற இந்தப் பத்துப் பேருக்கும் ஆளுக்கொரு கோட்டை நெல்லு வருசா வருசம் அளக்கணும்" என்றான். ராசா அதற்கும் சரி என்றார். ஆளவந்தார் மண்ணைத் தட்டிக்கொண்டே, "கால் போனால்?" என்று கேட்டார். "போனால் அப்போது பேசிக்கொள்வோம்" என்றார் ராசா.

ஓட்ட நாள் வந்தது. அந்த ஆண்டு மழை குறைவு. அணையில் ஒரு நாட்டுக்குத்தான் தண்ணீர் காணும். இரு கரையிலும் சனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். காலையிலிருந்து உச்சி வெயில் வரை காய் எந்தத் தூணுக்கும் போகவில்லை. வடகரைக்காரர்கள் மாசாணத்தின் வலது காலையே குறிவைத்து விழுந்தார்கள். அவன் எழுந்தான், விழுந்தான், மறுபடியும் எழுந்தான்.

கடைசியில் வெயிலுமுத்து ஒரு முட்டு முட்டினான் பாருங்கள், மூன்று பேர் சேர்ந்து சரிந்தார்கள். மாசாணம் புகுந்தான். தூணுக்குப் பத்தடி இருக்கும்போது முழங்காலில் மளுக்கென்று ஒரு சத்தம். கீழே விழுந்தான். காயை விடவில்லை. கையை ஊன்றி, காலை இழுத்துக்கொண்டு, முதுகில் ஆட்கள் ஏறிக் கிடக்க, தூணை எட்டிப் பிடித்து ஓங்கி அடித்தான். காய் சிதறியது.

தென்கரை போட்ட சத்தம் மலையில் போய் முட்டித் திரும்பியது. எங்கள் மதகு திறந்தது. வாய்க்காலில் தண்ணீர் நுங்கும் நுரையுமாகப் பாய்ந்தது. முட்டுக்காரர்கள் மாசாணத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ராசாவின் பந்தலுக்கு வந்தார்கள். பேச்சி காலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். வைத்தியர் தொட்டுப் பார்த்தார். "நடப்பான். இனி ஓட மாட்டான்" என்றார்.

ஆளவந்தார் தொண்டையைச் செருமினார். "மன்னா, அன்றே சொன்னேன். தாரை வார்த்த ஈரம் காயவில்லை, கால் போய்விட்டது. ஓடாத காலுக்குப் பத்தாண்டு வயலா? மானியத்தைத் திரும்பப் பெறுவதே முறை."

பேச்சியின் முகம் வெளுத்தது. ராசா சோணாசலத்தைப் பார்த்தார்.

"அதிகாரி சொல்வது முறைதான் மன்னா" என்றான் சோணாசலம். பேச்சி திடுக்கிட்டு அவனைப் பார்த்தாள். "வியாபாரம் முறிந்தால் வாங்கியதை இருவரும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மாசாணம் வயலைக் கொடுத்துவிடுவான். நாம் அவனிடம் வாங்கியதைக் கொடுத்துவிடுவோம்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வாய்க்காலில் இறங்கினான். ஒரு செம்புத் தண்ணீரை மொண்டு, மேடேறிப் போய் அணைக்குள் ஊற்றினான். மறுபடியும் இறங்கி, மொண்டு, ஏறி, ஊற்றினான். எல்லோரும் என்ன இது என்று பார்த்தார்கள்.

"என்ன செய்கிறீர்?" என்றார் ராசா.

"இந்தத் தண்ணீர் அந்தக் கால் கொண்டுவந்ததல்லவா மன்னா? திருப்பிக் கொடுக்கிறேன். இந்த ஆண்டுத் தண்ணீரை நான் ஒருவனே முடித்துவிடுவேன். போன ஆண்டுகளின் தண்ணீர் நெல்லாகிப் பொக்கிஷத்தில் இருக்கிறது, அதையும் மறுபடி தண்ணீராக்க வேண்டும். அதற்குத்தான் அதிகாரியின் உதவி தேவை." இன்னொரு செம்பை எடுத்து ஆளவந்தாரின் கையில் வைத்தான்.

ராசா ஒரு கணம் வாய்க்காலைப் பார்த்தார். கடைமடை வரைக்கும் தண்ணீர் மின்னிக்கொண்டு போனது. பிறகு மாசாணத்தின் காலைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். சிரிப்பில் வந்த நீர் எது, மற்றது எது என்று எனக்குத் தெரியாது.

"கேளும் ஆளவந்தாரே! மாசாணத்தின் மானியம் பத்தாண்டல்ல, அவன் ஆயுள் முழுக்க. திருப்பி வாங்க வேண்டுமானால் முதலில் தண்ணீர் முழுவதையும் அணைக்குள் ஊற்றிவிட்டு வாரும். இறங்கும், மொள்ளும்!" கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சோணாசலத்தின் கழுத்தில் போட்டார். சோணாசலம் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நெஞ்சை நிமிர்த்தி வாங்கிக்கொண்டான்.

ஆளவந்தார் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, செம்பும் கையுமாக வாய்க்காலில் இறங்கினார். முட்டுக்காரர்களின் தோள்மேல் ராசா மாதிரி உட்கார்ந்திருந்த மாசாணம் அங்கிருந்தே கூப்பிட்டான்.

"பொக்கிஷத்தய்யா, மெதுவா மொள்ளுங்க. எனக்கு ஒரு அவசரமும் இல்ல. இனிமே நான் ஓட வேண்டியதில்லையே!"