ஏழாவது கட்டம்

பூரணக்காவிடம் கேள்வி கேட்டால் பதில் கிடைக்காது, வேலைதான் கிடைக்கும் என்று சங்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அது தெரிந்தும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தவர் தண்டபாணி ஒருவர்தான்.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூரணக்காவுக்கு நாற்பத்து மூன்று. பத்தாவது தாண்டவில்லை. இருபது வருடமாக எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார். அதே கிருமியோடு வாழும் நானூற்றுப் பன்னிரண்டு பேர் சேர்ந்து நடத்தும் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. வயதில் இத்தனை சிறியவரைத் தண்டபாணி ‘அக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது.

அவர் சங்கத்துக்கு வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. லாரி ஓட்டிய தம்பி ஒருவர் அவருக்கு இருந்தார். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் இளைத்து இளைத்து இறந்துபோனார். என்ன நோய் என்று வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. தண்டபாணியும் கேட்கவில்லை. ஓய்வு பெற்ற மறுமாதமே சங்கத்தின் படியேறி, ஏதாவது எழுத்து வேலை இருந்தால் செய்கிறேன் என்று சொன்னார்.

அந்த வருடம் தை பிறந்ததும் ஒரு கடிதம் வந்தது.

மாத்திரையை அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. ஆனால் மாத்திரை இருக்கும் இடமும் மனிதர் இருக்கும் இடமும் ஒன்றல்ல. நடுவில் நடப்பதற்கென்று சங்கத்தில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஊருக்கு ஒருத்தி, காரைமலைக்கு ஒருத்தி. அவர்கள் சம்பளமும் பஸ் செலவும் வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்றிலிருந்து வந்துகொண்டிருந்தன. சித்திரையிலிருந்து பாதிதான் வரும் என்றது கடிதம். இந்தியா இப்போது ஏழை நாடுகளின் பட்டியலில் இல்லை, நோயும் குறைந்து வருகிறது என்று காரணம் சொல்லியிருந்தார்கள். கூடவே ஒரு படிவம். அதில் ஏழாவது கட்டம்: ‘எந்தப் பகுதியில் பணி நிறுத்தப்படும்?’

தண்டபாணி பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அரைமணி நேரத்தில் எழுந்து வந்தார்.

“ஊருக்குள்ள முந்நூத்தித் தொண்ணூத்து மூணு பேருங்க அக்கா. மலையில பத்தொம்பது பேரு. விடை ஒன்னுதான். எழுதிடலாமுங்களா?”

பூரணக்கா மறுக்கவில்லை. நாளைக்கு மலைக்காரி மாதேஸ்வரி மாத்திரை கொண்டு போகிறாள், அவளோடு போய் அந்தப் பத்தொன்பது பேரிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்து எழுதுங்கள் என்றார். தகவல் சொல்வதுதானே முறை என்று தண்டபாணியும் ஒத்துக்கொண்டார்.

மாதேஸ்வரி இரண்டு பெரிய பைகளோடு வந்தாள். மேலே சேலைகள், அடியில் மாத்திரை டப்பாக்கள். மலையில் அவளுக்குச் சேலைக்காரி என்று பெயர். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கூட வந்த பெரியவரைக் கடை முதலாளி என்று அவள் சொல்லிவிட்டாள். தண்டபாணியிடம் இரண்டு பேர் சாயம் போகுமா என்று விசாரித்தார்கள்.

பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் நடந்து வெள்ளையம்மா என்பவளின் வீட்டுக்குப் போனார்கள். மிளகு பறிக்கிறவள். சங்கத்து ஆள் என்று மாதேஸ்வரி காதோடு சொன்னதும் மரவள்ளிக் கிழங்கு அவித்து வைத்தாள். மாதேஸ்வரி வருவதற்கு முன்பு எப்படி என்று தண்டபாணி கேட்டார். கேட்காமல் அவரால் இருக்க முடியாது.

மாத்திரை வாங்கக் கீழே இறங்கினால் இரண்டு நாள் கூலி போகும் என்றாள் அவள். இரவு பஸ் ஸ்டாண்டில் படுக்க வேண்டும். திரும்பி வந்தால் எங்கே போனாய் என்று ஊரே கேட்கும். பொய் சொல்லிச் சொல்லிப் பொய்யும் தீர்ந்துபோனது. போவதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் அவளைத் தூளி கட்டித்தான் கீழே தூக்கிக்கொண்டு போனார்கள். மாதேஸ்வரி வர ஆரம்பித்து இப்போது மூன்று வருடமாகிறது. ரத்தத்தில் கிருமி தேடினாலும் அகப்படவில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

“ஏதோ சொல்லோணும்னு வந்த மாதிரி இருக்கீங்களே சாமி?” என்றாள்.

சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்றார் தண்டபாணி. மற்றவர்களிடமும் அதையேதான் சொன்னார்.

மலையிலிருந்து இறங்கி வந்த மறுநாள் காலையில் அவர் சங்கத்துக்குள் நுழையும்போதே பேசிக்கொண்டு வந்தார்.

“மலையை விட முடியாதுங்க அக்கா. ஊரை எழுதிடலாம். இங்க யாரு வீட்டுல இருந்து பாத்தாலும் ஆஸ்பத்திரி நடந்து போற தூரந்தான்.”

“அப்படீங்களா?” என்றார் பூரணக்கா. “அப்ப ஒருக்கா நடந்து பாருங்க சார்.” ஊரைப் பார்க்கும் பெண்ணோடு அவரை மரகதம் என்பவர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மூன்றாவது தெரு. வாசலில் நின்றால் ஆஸ்பத்திரித் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. மரகதம் அவர்களை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தி, டிவி சத்தத்தைக் கூட்டி வைத்த பிறகுதான் பேசினார். ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் பெண் அவருடைய மகளின் நாத்தனார். மாத்திரை வரிசையில் ஒருநாள் நின்றால் போதும், மகள் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிடுவாள் என்றார். அதனால் இரண்டு பஸ் மாறிப் பக்கத்து மாவட்டத்துக்குப் போய் வாங்குகிறார். போக முடியாத மாதம் சங்கத்துப் பெண் வாங்கி வந்து கொடுக்கிறாள்.

இங்கிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் இருக்கும் என்று தண்டபாணி கேட்டார். கேட்ட பிறகு, கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

“ஏழு நிமிஷந்தாங்க,” என்றார் மரகதம். “நாலு வருசமா போய்ச் சேர முடியல.”

அன்று அவர் சங்கத்துக்குத் திரும்பவில்லை. அடுத்த நாள் வந்தவர் படிவத்தைத் தொடவும் இல்லை. வெகுநேரம் பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்துவிட்டு, வேறொரு கேள்வி கேட்டார். பாதி என்று முடிவு செய்தது யார்?

“தெரியல சார். கேட்டுப் பாருங்களேன்.”

தண்டபாணிக்கு அது பிடித்துப்போனது. முதலில் சென்னைக்குப் போன் போட்டார். அங்கே அறக்கட்டளையின் பணிகளைப் பார்த்துக்கொள்ளும் ஜெபராஜ் பொறுமையாகப் பேசினார். முடிவு தன்னுடையது அல்ல, தன்னிடமும் ஒரு படிவம் இருக்கிறது, ஐந்து மாவட்டத்தில் எதற்கெல்லாம் பாதி என்று மூன்றை எழுதச் சொல்லியிருந்தார்கள் என்றார். அவருக்கு மேலே டெல்லியில் ஒரு அம்மையார். அவரிடம் மாநிலங்களின் படிவம். அந்த அம்மையார் வெளிநாட்டு அலுவலகத்தின் முகவரி கொடுத்தார். தண்டபாணி அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினார். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. மிக மரியாதையான பதில். அவர்களிடம் பதினோரு நாடுகளின் படிவம் இருந்தது. எந்த நாட்டின் சராசரி வருமானம் ஒரு கோட்டைத் தாண்டியதோ அதற்குக் குறைப்பது என்று வைத்துக்கொண்டார்களாம். மொத்தத் தொகையை ஏன் குறைத்தீர்கள் என்று மறுபடி எழுதினார். அதற்குப் பதில் வரவில்லை.

சராசரி என்ற சொல்லைத் தண்டபாணி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையால் போட்ட சராசரிகள் எத்தனையோ. நான்கு பங்களாக்காரர்களின் வருமானத்தையும் வெள்ளையம்மாவின் மிளகுக் கூலியையும் ஒன்றாகக் கூட்டி வகுத்தால் என்ன வரும் என்பது அவருக்குத் தெரியும். அந்த விடையில் வெள்ளையம்மா எங்கே நிற்கிறாள் என்று அவர் தேடியதில்லை.

பூரணக்காவிடம் போய்ச் சொன்னார்.

“எல்லாரு கையிலயும் ஒரு கட்டம் இருக்குதுங்க அக்கா. பேசினவங்க எல்லாரும் நல்லவங்கதான். எத்தனைங்கறது மேல இருந்து வருது. எதுங்கறதை மட்டும் அவங்கவங்க எழுதறாங்க.”

“நமக்குக் கீழ யாரு சார் இருக்காங்க? நாம ஒரு படிவம் அனுப்ப?”

யோசித்துப் பார்த்தார். “யாரும் இல்லீங்க.”

“மேல இருக்கறவங்க எழுதறது நாடு, மாவட்டம். நாம எழுதினா அது ஆளு.”

சொல்லிவிட்டுப் பூரணக்கா படிவத்தை அவர் பக்கம் தள்ளினார். சங்கத்தின் சார்பில் நீங்களே நிரப்பிக் கையெழுத்துப் போடுங்கள், என்ன எழுதினாலும் சரி என்றார்.

தண்டபாணி முதல் ஆறு கட்டத்தையும் நிரப்பினார். எட்டிலிருந்து கடைசி வரை நிரப்பினார். ஏழில் கை நின்றது. முப்பத்தொரு வருட வேலையில் அவர் ஒரு கட்டத்தையும் காலியாக விட்டதில்லை. அப்படிக் காலியாக விட்டுக் கொண்டுவந்த கீழ்நிலை ஊழியர்களைக் கடிந்துகொண்டிருக்கிறார். இப்போது பேனாவை மூடி வைத்தார். வேறு தாளில், பெயர்களை விட்டுவிட்டு, மலையில் பார்த்ததையும் மூன்றாவது தெருவில் பார்த்ததையும் எழுதினார். ஒன்பது பக்கம் வந்தது.

அதை அனுப்பும் முன் சங்கத்து உறுப்பினர்கள் கூடினார்கள். ஜெபராஜ் போனிலேயே எச்சரித்திருந்தார்: குறையான படிவம் திரும்பி வரும், பாதியும் இல்லாமல் போகலாம். அதைப் பூரணக்கா மறைக்காமல் எல்லோரிடமும் சொன்னார். பலருக்குக் கோபம் வந்தது. மலைக்காரர்களுக்காக நாம் ஏன் இழக்க வேண்டும் என்றார் ஒருவர். உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்று ஆகிவிடும் என்றார் இன்னொருவர். அவர்கள் சொன்னது தப்பில்லை. ஒரு மாதம் மாத்திரை தவறினால் என்ன ஆகும் என்று அங்கே ஒவ்வொருவருக்கும் தன் உடம்பிலிருந்தே தெரியும்.

பூரணக்கா எல்லோரையும் பேசி முடிக்க விட்டார். தண்டபாணியை எழுந்து அந்த ஒன்பது பக்கத்தையும் படிக்கச் சொன்னார். அவர் படித்தார். நடுவில் ஒரு முறை நிறுத்தித் தண்ணீர் கேட்டார். முடித்ததும், கட்டத்தைக் காலியாகவே விட்டு அனுப்பலாம் என்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார் பூரணக்கா. கடைசி வரிசையில் முக்காடிட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண்தான் முதலில் கையைத் தூக்கினார். அது மரகதம். கூட்டத்துக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் கொஞ்சமாக மற்ற கைகளும் எழுந்தன. நான்கு பேர் கடைசிவரை தூக்கவில்லை. அதையும் குறிப்பேட்டில் எழுதச் சொன்னார் பூரணக்கா.

படிவம் போனது. மாசி போய்ப் பங்குனியும் பாதி போனது. ஒரு தகவலும் இல்லை. தண்டபாணிக்குத் தூக்கம் கெட்டது. தான் விட்ட ஒரு வெற்றிடத்தால் நானூற்றுப் பன்னிரண்டு பேர் நடுத்தெருவில் நிற்பதாக அவருக்கு நினைப்பு வந்துகொண்டே இருந்தது. ஒருநாள் மாதேஸ்வரியிடம், உன் பைகளைத் தூக்க எனக்குச் சம்பளம் வேண்டாம் என்று மெதுவாகச் சொல்லி வைத்தார்.

பங்குனிக் கடைசியில் ஜெபராஜ் பேசினார். இன்னும் ஒன்பது மாதத்துக்கு முழுத் தொகை வரும். அதற்குள் அந்த வருமானக் கோட்டை எங்கே போடுவது என்று மறுபடி யோசிக்கப் போகிறார்கள். அதன் பிறகு என்ன என்பது யாருக்கும் தெரியாது. கொஞ்சம் தயங்கிவிட்டு, இன்னும் இரண்டு மாவட்டத்திலிருந்தும் ஏழாவது கட்டம் காலியாகவே வந்தது என்றார்.

அன்றைக்கு மாதேஸ்வரி மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பூரணக்கா டப்பாக்களை எடுத்துக் கொடுக்க, தண்டபாணி சேலைகளை மடித்து மேலே அடுக்கினார். அடுக்கிக்கொண்டே கேட்டார்.

“அந்தக் கட்டத்துல எதையும் எழுதக் கூடாதுன்னு மொதல் நாளே உங்களுக்குத் தெரியுமுங்களா?”

“தெரியும் சார்.”

“அப்ப நீங்களே காலியா அனுப்பியிருக்கலாமே. என்னை எதுக்கு மேலயும் கீழயும் அனுப்புனீங்க?”

பூரணக்கா கடைசி டப்பாவை எண்ணி உள்ளே வைத்தார்.

“நான் காலியா விட்டிருந்தா, பத்தாவது தாண்டாத இவளுக்கு எழுதத் தெரியலைன்னு நெனச்சிருப்பாங்க. எழுதத் தெரிஞ்சவரு ஒருத்தரு எழுத மாட்டேன்னு சொல்ல வேண்டியிருந்துச்சு சார்.”