உயிரோடு சுடுகாடு போன கருப்பாயி

மலையடிவாரக் காட்டில் ஒரு குளம். குளக்கரையில் ஓர் இலந்தை மரம். அதன் அடியில் மண்ணைக் குடைந்து ஒரு கட்டெறும்புக் கூட்டம் குடியிருந்தது. உழைப்பில் அந்தக் கூட்டத்தை யாரும் குறை சொல்ல முடியாது. புத்தியைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கூட்டுக்குள் கும்மிருட்டு. அங்கே கண் இருந்தும் பயனில்லை. எறும்புக்குத் தலையில் இருக்கிற இரண்டு கொம்புகள்தான் மூக்கு. அந்த மூக்கு சொல்வதுதான் சட்டம். இரை கண்டவள் வயிற்றை மண்ணில் தேய்த்துக்கொண்டே வீடு வருவாள். அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் வரிசையாகப் போவார்கள். ஆபத்துக்கு ஒரு வாசனை, குழந்தைக்கு ஒரு வாசனை. செத்தவளுக்கும் ஒரு வாசனை உண்டு, ஆனால் அது உடம்பு கெட ஆரம்பித்த பிறகுதான் வரும். அதுவரை பிணம் நடுவழியில் கிடந்தாலும் தாண்டித் தாண்டிப் போவார்களே தவிர, இவள் செத்துவிட்டாளே என்று ஒருத்திக்கும் தோன்றாது. இதற்குப் பெயர் கட்டுப்பாடாம்!

கருப்பாயி என்பவள் பிள்ளை அறையில் வேலை பார்த்தாள். காலும் கண்ணும் இல்லாமல் அரிசிப்பொரி மாதிரி வெள்ளையாய்க் கிடக்கும் குழந்தைகளுக்கு ஊட்டுவாள், நக்கித் துடைப்பாள், ஈரம் வந்தால் மேட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். அந்தக் குழந்தைகள்தான் அவளுக்கு உலகம்.

ஒருநாள் இரை தேடப் போனவர்கள் மரத்தடியிலிருந்து ஒரு பச்சைப் புழுவைத் தூக்கி வந்தார்கள். எறும்புக் குழந்தையைவிட அது பல மடங்கு பெரிசு. வரிசையாகக் கால் வேறு இருந்தது. ஆனால் கொம்பால் தொட்டால் குழந்தை வாசனை அடித்தது. அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு கேள்வி கிடையாது. நம்ம பிள்ளை வெளியில் அனாதையாய்க் கிடந்ததே என்று அத்தனை பேரும் உருகிப் போனார்கள். அதன் முதுகில் ஒரு சொட்டுத் தேனும் சுரந்தது. நக்கியவர்கள் அதற்குச் செல்லக்கனி என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

செல்லக்கனி வந்த நாளிலிருந்து பிள்ளை அறையில் குழந்தைகள் குறைந்துகொண்டே வந்தன. கருப்பாயி ஒருநாள் காலால் தடவிப் பார்த்தாள். அந்தப் புழு தலையைச் சாய்த்து, பக்கத்தில் கிடந்த குழந்தையை அப்படியே உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"ஏ புழு, என்ன காரியம் பண்ணுத?" என்று பாய்ந்தாள்.

செல்லக்கனி அசரவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, "நான் யாருன்னு உன் கொம்பைக் கேளு" என்றது.

கருப்பாயி தொட்டுப் பார்த்தாள். கொம்பு, குழந்தை என்றுதான் சொன்னது.

"அப்புறம் என்ன? போய் எனக்குச் சாப்பாடு கொண்டா. இந்தப் பிள்ளைங்க வர வர ரொம்ப மெலிஞ்சுபோச்சு" என்றது அது.

எத்தனை கொழுப்பு பாருங்கள்!

கூட்டத்தில் பிணம் தூக்கும் வேலைக்குத் தலைவி சுடலைவடிவு. கருப்பாயி அவளிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளையைப் பிள்ளை தின்னுமா என்று சுடலைவடிவு சிரித்தாள். மற்றவர்களும் நம்பவில்லை. செல்லக்கனிமேல் இவளுக்குப் பொறாமை என்று ஒருத்தி முதுகுக்குப் பின்னால் பேசினாள். சாட்சி இல்லாமல் இவர்கள் மசிய மாட்டார்கள் என்று கருப்பாயிக்குப் புரிந்தது. அவள் செல்லக்கனியின் வயிற்றுக்கு அடியில் புகுந்து தோண்டினாள். அங்கே தின்று போட்ட குழந்தைகளின் தோல்கள் அழுகிக் கிடந்தன. அழுதுகொண்டே அவற்றை அள்ளி மார்போடு அணைத்துத் தூக்கி வந்தாள். அழுகல் நீர் அவள் உடம்பு முழுக்க வழிந்தது.

வழியில் சுடலைவடிவு எதிரே வந்தாள். கொம்பை நீட்டினாள். செத்த வாசனை அடித்தது. சட்டென்று கருப்பாயியின் இடுப்பைக் கவ்வித் தூக்கினாள்.

"ஏட்டி, விடுட்டி! நான் சாகல!"

"வாசனை அடிக்கு."

"அது பிள்ளைங்க வாசனை. இங்க பாரு, காலை ஆட்டுதேன். உன்கிட்டப் பேசிக்கிட்டுதான இருக்கேன்?"

"செத்தவ பேசுறதை எல்லாம் நின்னு கேட்டா என் வேலை என்னாவது?" என்றாள் சுடலைவடிவு.

அவள் நேரே சுடுகாட்டுக்குப் போனாள். சுடுகாடு என்றால், கூட்டுக்கு வெளியே பிணத்தையும் குப்பையையும் கொட்டுகிற மேடு. அங்கே கருப்பாயியைச் சாட்சியோடு சேர்த்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

கருப்பாயி எழுந்து கூட்டுக்கு ஓடினாள். வாசலில் பிணம் தூக்குகிற பேச்சி என்பவள் அவளைக் கவ்வித் தூக்கிவந்து மேட்டில் போட்டாள். மறுபடியும் ஓடினாள். மறுபடியும் தூக்கி வந்தார்கள். உயிரோடு ஒருத்தி காலை உதைத்துக்கொண்டு கத்துகிறாள், அவளுக்கு அடக்கம் நடக்கிறது. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

கடைசியில் கருப்பாயி மேட்டில் உட்கார்ந்து தன் உடம்பை நக்கித் துடைக்கத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தினாள். துடைத்துக்கொண்டு உள்ளே போனால் மட்டும் என்ன ஆகும்? பழையபடி சிரிப்பார்கள். அதற்குள் அந்தப் புழு மிச்சமிருக்கிற பிள்ளைகளையும் தின்றுவிடும். கத்தினால் காதில் ஏறாது, காட்டினாலும் கண்ணில் படாது. இவர்களை ஒரு வேலை செய்ய வைக்க வாசனை ஒன்றுதான் வழி என்று அவளுக்கு உறைத்தது.

அழுகல் நீரில் நன்றாகப் புரண்டாள். யாரும் அதிகம் போகாத பின்பக்கப் பொந்து வழியாகப் பிள்ளை அறைக்குள் நுழைந்தாள். உயிரோடு இருந்த குழந்தைகள்மேல் தன் உடம்பைத் தேய்த்தாள். ஒன்று விடாமல் தேய்த்தாள். செல்லக்கனி அப்போது தின்ற களைப்பில் தூங்கிக்கொண்டிருந்தது.

பிணம் தூக்குகிறவர்கள் மோப்பம் பிடித்து வந்துவிட்டார்கள். இந்த மழைக்குப் பிள்ளைச் சாவு ஜாஸ்தி என்று அலுத்துக்கொண்டே, நெளிகிற குழந்தைகளை ஒவ்வொன்றாகச் சுடுகாட்டுக்குச் சுமந்தார்கள். கூடவே கருப்பாயியையும் சுமந்தார்கள். அவள் இந்த முறை காலை உதைக்கவில்லை. மேட்டில் ஒரு காய்ந்த இலைக்கு அடியில் குழந்தைகளை ஒதுக்கி, குப்பையில் கிடைத்ததை மென்று ஊட்டினாள்.

செல்லக்கனி எறும்புக் கூட்டுக்குள்ளேயே தனக்கொரு புழுக்கூடு கட்டியது. கொஞ்ச நாளில் அதிலிருந்து ஒரு நீலப் பட்டாம்பூச்சி வெளியே வந்தது. இப்போது அதன்மேல் குழந்தை வாசனை இல்லை. அப்போதுதான் அந்த மகா புத்திசாலிகளுக்கு அது அந்நியன் என்று தெரிந்தது. விழுந்தடித்துக்கொண்டு துரத்தினார்கள். அது நிதானமாக வாசலுக்கு நடந்து, சிறகை விரித்துப் பறந்தே போய்விட்டது. பிள்ளை அறையில் ஒரு குழந்தைகூட இல்லை. கூடு முழுக்க ஒரே ஒப்பாரி.

அழுதுகொண்டே குப்பை கொட்டப் போன சுடலைவடிவு, மேட்டில் இலை அசைவதைக் கண்டு தூக்கிப் பார்த்தாள். அழுத அழுகையில் கொம்பை நீட்ட மறந்துபோனவளுக்கு, பகல் வெளிச்சத்தில் குழந்தைகள் நெளிவது கண்ணில் பட்டது. நடுவில் கருப்பாயி உட்கார்ந்திருந்தாள்.

"உயிரோடயா இருக்கு எல்லாம்? ஏன்ட்டி முன்னாலயே சொல்லல?" என்றாள் சுடலைவடிவு.

கருப்பாயி கோபத்தோடு எழுந்தாள்.

சுடலைவடிவு பதில் கேட்க நிற்கவில்லை. கூட்டத்துக்கே வாரிசு கிடைத்த பரபரப்பில் ஒரு குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அங்கே பேச்சி நின்றிருந்தாள். கொம்பை நீட்டினாள். இருவர்மேலும் செத்த வாசனை அடித்தது. சுடலைவடிவின் இடுப்பைக் கவ்வித் தூக்கினாள்.

"ஏட்டி பேச்சி, நான் உன் தலைவிட்டி! உயிரோடதான் இருக்கேன், பிள்ளையும் உயிரோடதான் இருக்கு!"

"வாசனை அடிக்கு" என்றாள் பேச்சி.

சுடலைவடிவு கத்தினாள், உதைத்தாள், கெஞ்சினாள். பேச்சி அவளைக் குழந்தையோடு கொண்டுவந்து கருப்பாயியின் காலடியில் போட்டுவிட்டு, தன் கடமை முடிந்ததென்று போய்விட்டாள். சுடலைவடிவு எழுந்திருக்கக்கூட வெட்கப்பட்டு அப்படியே கிடந்தாள்.

"எந்திரி. எல்லாப் பிள்ளையையும் நக்கித் துடைக்கணும். எனக்கு ஒரு ஆளு குறையுது" என்றாள் கருப்பாயி.

பழகின அடையாளத்தை மட்டும் நம்பி, கண்முன் கத்துகிறவளை நம்ப மறுக்கும் கூட்டம், திருடனுக்குப் பாலூட்டித் தன் பிள்ளைக்கு வாய்க்கரிசி போடும்.