மந்திரி மகள் வாங்கிய மூணு வண்டி காய்

ரொம்பக் காலத்துக்கு முன்னாடி கொன்றைமங்கலம்னு ஒரு நாடு. அதை ஆண்டவர் வீரபுஜங்க ராசா. நல்லவர்தான். ஆனா காலையில ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி. சாயங்காலம் எந்தப் புத்தி வரும்னு அவருக்கே தெரியாது.

அந்த அரண்மனையில ஒரு வழக்கம் உண்டு. ராச குடும்பத்துப் பிள்ளைங்க காசைக் கையால தொடக்கூடாது. விரலை நீட்டினா பொருள் வந்துடும். மத்ததெல்லாம் பொக்கிஷதாரர் தாண்டவராயர் பாத்துக்குவாரு. அவருக்கு மந்திரி மாசிலாமணி மேல பல வருஷமா வயித்தெரிச்சல்.

ஒருநாள் சபையில தாண்டவராயர் எழுந்தாரு. "ராசா, சொல்லவே நாக்கு கூசுது. மந்திரி வீட்டுப் பொண்ணு செங்கமலம், பதினோரு வயசு, சந்தையில கத்திரிக்காய்க்குப் பேரம் பேசிக்கிட்டு நிக்குது. நம்ம சபைக்கே அவமானம்!"

ராசாவுக்கு முகம் சிவந்துடுச்சு. "என்னய்யா மாசிலாமணி, நான் குடுக்கற சம்பளம் போதலையா?"

"போதும் ராசா. அதை எப்படிச் செலவு பண்றதுன்னு பிள்ளை இப்பவே பழகட்டும்னு என் சம்சாரம் அனுப்புறா."

"அப்ப என் பிள்ளை ஒண்ணும் பழகலைங்கறியா?"

மந்திரி வாயைத் திறக்கறதுக்குள்ள தாண்டவராயர் முந்திக்கிட்டாரு. "ஒரு பந்தயம் வெச்சுப் பாத்துடலாமே ராசா!"

ராசாவுக்குப் பந்தயம்னா போதும். "நாளைக்குச் சந்தை. இளவரசனுக்குப் பத்துப் பணம், உன் பொண்ணுக்குப் பத்துப் பணம். நாளைக்கு மட்டும் அவன் காசைத் தொடலாம். அரிசி பருப்பு என்னுது. நூறு வீரருக்குக் குழம்பு, கூட்டு வைக்கக் காய் வாங்கணும். பொழுது சாயறதுக்குள்ள வந்தாகணும். உன் பொண்ணு தோத்தா, உன் முத்திரை மோதிரம் தாண்டவராயர் விரலுக்குப் போயிடும்."

மறுநாள் சாவடி மாடியில ராசா உக்காந்துக்கிட்டாரு. பக்கத்துல மந்திரி, மோதிரத்தைத் திருகித் திருகி விரல் வீங்கிப் போய் நின்னாரு. வாயைத் திறக்கக் கூடாதுன்னு உத்தரவு.

முதல்ல இளவரசன் மகுடேசன் பல்லக்குல வந்தான். ஒரு பெரிய பலாப்பழத்தைப் பாத்து விரலை நீட்டினான். "ரெண்டு பணம் இளவரசே"ன்னான் கடைக்காரன். பையன் பையோட பத்துப் பணத்தையும் குடுத்துட்டுப் பல்லக்குல ஏறிட்டான். கடைக்காரன் எட்டுப் பணத்தைக் கையில பிடிச்சுக்கிட்டுப் பின்னாடியே ஓடுறான். ஏதோ மனு குடுக்க வர்றான்னு நெனச்சு, தூக்கறவங்க இன்னும் வேகமா ஓடுறாங்க.

"அவன் ஏன்யா மீதியை வாங்கலை? சொல்லு, உத்தரவை எடுத்துட்டேன்!"

"மீதின்னு ஒண்ணு உண்டுங்கறதை யாரும் அவர்கிட்ட சொல்லலையே ராசா."

ராசா மீசையைத் தடவிக்கிட்டாரு.

அடுத்தது செங்கமலம். பையும் கையுமா நடந்து வந்தா. வந்து பாத்தா, காய்க்கடை அத்தனையும் காலி! ஒரு கொத்தவரங்காய் கூட இல்ல. விடியறதுக்கு முன்னாடியே தாண்டவராயர் அறுபது பணம் போட்டு மொத்தக் காயையும் வாங்கி, மூணு வண்டியில ஏத்திச் சாவடிக்குப் பின்னாடி நிறுத்திட்டாரு. மேலிருந்து பாத்தா வண்டி தெரியாது.

பொண்ணு என்ன பண்ணினா? ரோட்டுல சிந்திக் கிடந்த கீரையைப் பாத்தா. சாவடிக்குப் பின்னாடி போய்ப் பாத்துட்டுத் திரும்பி வந்தா. வேப்பமர நிழல்ல சம்மணம் போட்டு உக்காந்துட்டா. உக்காந்தவ உக்காந்தவதான்.

"என்னய்யா, உன் பொண்ணு தூங்குதா?"

"தெரியலை ராசா. கணக்குப் பாடம் நான் எடுத்தது. சந்தைப் பாடம் முழுக்க அவங்கம்மா."

வெயில் உச்சிக்கு வந்துச்சு, சாஞ்சுச்சு. பொண்ணு அசையலை. மந்திரி மோதிரத்தைப் பாதி கழட்டியே வெச்சுட்டாரு. பொழுது சாய ரெண்டு நாழிகைதான் இருக்கும். அப்பத்தான் எழுந்து, பாவாடையைத் தட்டிக்கிட்டு, சாவடிக்குப் பின்னாடி போனா.

ராசாவால அதுக்கு மேல பொறுக்க முடியலை. "வா, கீழ போவோம்!" முரசு கொட்டுச்சு. மந்திரி மட்டும் ரெண்டு ரெண்டு படியாத் தாவி, முன்னாடி ஓடினாரு. வண்டிச் சக்கரத்துக்கு இந்தப் பக்கம் நின்னு காது குடுத்தாரு.

அங்க வண்டிக்காரன் தாண்டவராயர்கிட்டக் கத்திக்கிட்டிருந்தான். "ஐயா, எறக்குறீங்களா, இன்னொரு வாடகை தர்றீங்களா? மாடு ரெண்டு பூசணி தின்னுடுச்சு!"

"ஐயா, கீரை தலை தொங்கிடுச்சே, விக்கறீங்களா?" இது செங்கமலம்.

"உனக்கா? நூறு பணம்!" தாண்டவராயர் பல்லைக் கடிச்சாரு.

"சரிங்கய்யா. முரசு கேக்குது, ராசா வர்றாரு. இது யாரு வண்டின்னு கேட்டா என்ன சொல்லட்டும்?"

தாண்டவராயர் கையெடுத்துக் கும்பிட்டாரு. "அம்மா தாயே, எல்லாத்தையும் நீயே எடுத்துக்கிட்டுப் போ!"

"சும்மா வாங்கினா அம்மா வீட்டுக்குள்ள விடமாட்டாங்க. நாலு பணம் பிடிங்க. வண்டி வாடகை உங்களுது. தின்ன பூசணியும் உங்களுது."

ராசா வந்து நின்னாரு. "யாரு வண்டி இது?"

"செ... செங்கமலம் வாங்கினது ராசா."

"என்ன விலைம்மா?"

"மூணு வண்டியும் சேத்து நாலு பணம் ராசா. இது வாடின விலை. காலையிலன்னா கத்திரிக்காய் கூடை அரைப் பணம்."

ராசா அப்படியே நின்னுட்டாரு. "அரைப் பணமா? அரண்மனைக்கு மூணு பணம்னுல்ல கணக்கு வருது?"

தாண்டவராயர் மாட்டுக்குப் பின்னாடி ஒளியப் பாத்தாரு. மாடு நகந்துக்கிச்சு.

அன்னிக்கு நூறு வீரரும் கூட்டும் குழம்புமா ஒரு பிடி பிடிச்சாங்க. இத்தனை வருஷமாப் பொய்க் கணக்கு எழுதித் தின்ன பணத்தையெல்லாம் தாண்டவராயர் திருப்பிக் கட்டணும், சந்தைக்குச் சந்தை செங்கமலம் பின்னாடி கூடை சுமக்கணும்னு தீர்ப்பாச்சு. மந்திரி மோதிரத்தை மறுபடி மாட்ட விளக்கெண்ணெய் தேவைப்பட்டுச்சு.

"உனக்கு என்னம்மா பரிசு வேணும்?"

"மிச்சம் ஆறு பணம் இருக்கு ராசா. அதை நானே வெச்சுக்கலாமா?"

ராசா சிரிச்சு, கூட நூறு பொன் குடுத்தாரு. மகனையும் அவகூடச் சந்தைக்கு அனுப்பினாரு.

நாலு சந்தை போச்சு. ஒருநாள் நட்ட நடுப் பகல்ல இளவரசன் சபைக்குள்ள வந்தான். "அப்பா, வெளிய இவ்ளோ வெளிச்சம் இருக்கே, உள்ள எதுக்கு நாப்பது விளக்கு எரியுது? எண்ணெய் படி என்ன விலை தெரியுமா?"

ராசா மந்திரியை ஒரு முறை முறைச்சாரு. அப்புறம் சிம்மாசனத்தை விட்டு எறங்கி, தன் கையாலயே ஒவ்வொண்ணா ஊதி அணைச்சாரு.